வில்லா, வுட்டா? இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கில நிபந்தனை வாக்கியம்

ஆங்கில நிபந்தனை வாக்கியத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ‘இஃப்’ என்று தொடங்கும் பகுதி நிபந்தனையைச் சொல்லும். மற்றது விளைவைச் சொல்லும். வில், வுட், கேன், குட், மே, மைட், ஷல், மஸ்ட் முதலிய மோடல் துணைவினைகள் பெரும்பாலும் விளைவுப் பகுதியில்தான் வரும். நடக்கக்கூடியதற்கு ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் ஸ்டே’. கற்பனைக்கு ‘இஃப் இட் ரெய்ன்ட், ஐ வுட் ஸ்டே’. நடக்காமல் போனதற்கு ‘இஃப் இட் ஹேட் ரெய்ன்ட், ஐ வுட் ஹேவ் ஸ்டேய்ட்’. நிபந்தனைப் பகுதிக்குள் ‘வில்’ நுழைவது அரிது. நுழைந்தால் அது பெரும்பாலும் எதிர்காலத்தைக் காட்டாது. ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்பதில் போல, கேட்பவரின் இசைவை வேண்டும் பணிவாக இருக்கும்.

இந்த விதி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரிட்டிஷ் ஆட்சியோடு வந்தது. இரு நாட்டு வகுப்பறைகளிலும் பாடம் ஏறத்தாழ ஒன்றுதான். பேச்சில் தெரியும் வேறுபாட்டுக்குப் பேசுவோரின் தாய்மொழியே பெரிய காரணம்.

தமிழில் நிபந்தனை ‘ஆல்’ விகுதியால் அமைகிறது. அது இறந்தகால அடியோடு சேரும்: வந்தான், வந்தால், போனான், போனால். வடிவம் இறந்தகாலம், பொருளோ பெரும்பாலும் இனி நடக்க வேண்டியது. ‘கோடி ரூபாய் கிடைத்தால் வீடு வாங்குவேன்’ என்று லாட்டரிச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரும் சொல்லலாம், சீட்டே வாங்காமல் திண்ணையில் கனவு காண்பவரும் சொல்லலாம். தமிழுக்கு இரண்டும் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் முன்னவருக்கு ‘வில்’, பின்னவருக்கு ‘வுட்’. தமிழ் மாணவர் முதல் இரு வகைகளில் தடுமாறுவது இங்கேதான். மூன்றாம் வகை அவர்களுக்கு அவ்வளவு அந்நியமில்லை: ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் இருபுறமும் நிற்கும் ‘இரு’, ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ இரண்டுக்கும் ஈடாக அமைந்துவிடுகிறது.

சிங்களமும் இதே வழியில் செல்கிறது. ‘கியா’ என்றால் போனான். ‘கியொத்’ என்றால் போனால். இறந்தகால அடியோடு ‘ஒத்’ விகுதி சேர்ந்து நிபந்தனை ஆகிறது. எனவே இலங்கையின் இரு பெரிய மொழிகளும் நிபந்தனையை ஒரே பாங்கில் கட்டுகின்றன. இரண்டிலும் இந்த விகுதி எதிர்கால வடிவத்தோடு சேராது.

இந்தி அப்படியல்ல. ‘அகர் தும் ஆஓகே தோ’ (நீ வருவாயானால்) என்று நிபந்தனைப் பகுதியிலேயே எதிர்கால வினை நிற்கும். வட இந்தியரின் ஆங்கிலத்தில் கேட்கும் ‘இஃப் யூ வில் கம், ஐ வில் கோ’ என்ற அமைப்புக்கு இது இடம் தருகிறது. நடக்காமல் போனதைச் சொல்லும்போது இந்தி இரு பகுதிகளிலும் ஒரே வினைவடிவத்தை வைக்கும்: ஒருபுறம் ‘ஹோதா’ (இருந்திருந்தால்), மறுபுறம் ‘ஆதா’ (வந்திருப்பேன்). அந்தச் சமநிலை ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்று இருபுறமும் ‘வுட்’ வைக்கத் தூண்டலாம். அமெரிக்கப் பேச்சிலும் இந்த இரட்டை ‘வுட்’ உண்டு. எழுத்தில் அங்கும் இது பிழையே.

தென்னிந்திய ஆங்கிலம் வேறொரு வழி கண்டது. ‘நீ வந்தாய் என்றால் தருகிறேன்’ என்பதன் ‘என்றால்’ அங்கே ‘மீன்ஸ்’ ஆகிவிடும்: ‘யூ கம் மீன்ஸ், ஐ வில் கிவ்’. ‘இஃப்’ மறைந்து, நிபந்தனைச் சொல் தமிழில் போலவே தொடரின் கடைசிக்குப் போய்விடுகிறது.

இந்திய ஆங்கிலத்தின் இன்னொரு பழக்கம், நிபந்தனையே இல்லாத இடத்தில் ‘வுட்’ போடுவது. ‘அமைச்சர் நாளை மதுரைக்கு வருவார்’ என்ற செய்தி ‘த மினிஸ்டர் வுட் விசிட் மதுரை டுமாரோ’ என்று அச்சாகும். எழுதியவருக்கு அது மரியாதை, நிதானம். பிரிட்டிஷ் வாசகர் காதிலோ சொல்லாமல் விட்ட ஓர் ‘இஃப்’ ஒலிக்கும்: எது நடந்தால் வருவார்?

இலங்கையின் பேச்சு ஆங்கிலத்தில் கவனிக்கத்தக்கது ‘கேன்’. ‘ஐ கேன்’ என்பது சிங்களத்தில் ‘மட்ட புளுவன்’, ஈழத்தமிழில் ‘எனக்கு ஏலும்’. இரண்டிலும் செய்பவர் எழுவாயாக வருவதில்லை; கு வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார், பல நேரம் விடுபட்டும் போகிறார். ‘இஃப் ஃப்ரீ, கேன் கம், நோ?’ என்ற வீட்டு ஆங்கிலத்தில் எழுவாய் மறைவது இந்தப் பாங்கில்தான்.

பேச்சில் மோடல் பிசகினால் கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். சட்டத்தில் அப்படி விட முடியாது. இரு நாட்டு மொழிச் சட்டங்களும் அதற்குச் சான்று. இந்தியாவின் 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், 1965க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் தொடர்வதற்கு ‘மே’ என்ற சொல்லை வைத்தது. இங்கே ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்றே பொருள் என்று நேரு விளக்கினார். அப்படியானால் ‘ஷல்’ என்றே எழுதலாமே என்று தி.மு.க. கேட்டது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பின் வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம், இந்தியை ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றி, அதன் பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று, இம்முறை ‘ஷல்’ கொண்டு, எழுதியது.

இலங்கையின் 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தில் சிங்களமே அரசகரும மொழி என்பதற்கு ‘ஷல்’. சிங்களத்துக்கு மட்டும் உடனே மாறுவது இயலாது என்று அமைச்சர் கருதினால் பழைய மொழி தொடரலாம் என்பதற்கு ‘மே’; அதற்கும் 1960 டிசம்பர் 31 என்ற எல்லை. 1958ஆம் ஆண்டுத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தில், அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகளை அமைச்சர் ஆக்கலாம் என்பதற்கும் ‘மே’தான். அந்த ஒழுங்குவிதிகள் 1966இல்தான் வந்தன. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி, இரண்டுக்கும் ‘ஷல்’.

ஆக, 1967இல் இந்தியா ஒரு மொழியை அகற்றுவதற்கு நிபந்தனை வைத்தது. 1956இலும் 1958இலும் இலங்கை ஒரு மொழிக்கு இடம் தருவதற்கு நிபந்தனை வைத்தது.