உள்ளூர்ப் பூ என்னும் அளவுகோல்

உள்ளூரில் விளைந்த, அந்தந்தப் பருவத்தில் பூத்த பூக்களையே வாங்க வேண்டும் என்ற கொள்கை, பூ அலங்காரத் தொழிலில் இன்று சுற்றுச்சூழல் அக்கறையின் முதல் அடையாளமாகிவிட்டது. பிரிட்டனில் 2011இல் தொடங்கிய ‘ஃபிளவர்ஸ் ஃப்ரம் த ஃபார்ம்’ அமைப்பு சிறு பூ விவசாயிகளை ஒன்றுசேர்த்தது. அமெரிக்காவில் டெப்ரா பிரின்சிங் 2013இல் ‘ஸ்லோ ஃபிளவர்ஸ்’ நூலை வெளியிட்டு இதை ஓர் இயக்கமாக்கினார். மேற்கிலிருந்து கிளம்பிய அந்தப் பேச்சு இப்போது மலேசியாவில் ஜொகூரின் மண்டப அலங்காரக்காரர்களின் விளம்பரங்களிலும் தலைகாட்டுகிறது. அங்குள்ள பெர்மாஸ் ஜெயாவில் திருமணத்துக்குப் பூ சொல்லப் போகும் குடும்பத்திடம் ‘எல்லாம் உள்ளூர்ப் பூ’ என்று சொன்னால் போதும், மனசாட்சி தொடர்பான கேள்விகள் அத்தோடு முடிந்தன என்ற நிலை உருவாகி வருகிறது.

கொள்கையில் நல்லது இல்லாமலில்லை. நெதர்லாந்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் ஹைட்ரேஞ்சியாவை மேடையில் செருகி, மறுநாள் காலை குப்பையில் கொட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பக்கத்தில் பறித்த பூ வாடாமல் இருக்கும். குளிர்பதனக் கிடங்கில் நாள்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. சிறு விவசாயியின் கைக்கு நேராகக் காசு போகும். பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2017இல் நடந்த முதுநிலை ஆய்வு ஒன்று, அந்நாட்டில் திறந்த வெளியில் வளர்த்த பூங்கொத்தின் கரியமில வெளியேற்றம் இறக்குமதிப் பூங்கொத்தினுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்று காட்டியது. பூ செருகும் பச்சை ஸ்பாஞ்ச் மக்காத ஒருவகை பிளாஸ்டிக் என்பதைப் பரவலாக உணர்த்தியதிலும் இந்த இயக்கத்தாருக்குப் பங்குண்டு. செல்சி மலர்க் கண்காட்சியில் 2021 முதல் அந்த ஸ்பாஞ்சுக்கு இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பூ எங்கே விளைந்தது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, எப்படி விளைந்தது என்ற கேள்வியை இந்தக் கொள்கை கைவிடுகிறது. இது சிறு விடுபடல் என்று ஒதுக்கத் தக்கதன்று. பூவின் சுற்றுச்சூழல் சுமையில் பெரும்பகுதி விளைச்சலில்தான் ஒளிந்திருக்கிறது என்பது இந்த இயக்கம் வேர்பிடிப்பதற்கு முன்பே தெரிந்த செய்தி. 2007இல் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் சந்தைக்கு வரும் ரோஜாக்களை ஒப்பிட்டது. கென்யாவில் விளைந்து விமானத்தில் வந்த 12,000 ரோஜாக்களுக்கு ஏறத்தாழ 6,000 கிலோ கரியமில வாயு. கடலுக்கு அக்கரையிலேயே, நெதர்லாந்தின் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் விளைந்த அதே எண்ணிக்கை ரோஜாக்களுக்கு ஏறத்தாழ 35,000 கிலோ. பக்கத்து நாட்டுப் பூவைவிடத் தொலைதூரப் பூ ஏறத்தாழ ஆறு மடங்கு இலேசாக இருந்தது. கிலோமீட்டரை வைத்து மட்டும் அளந்தவர்களுக்கு இந்த விடை எந்நாளும் கிடைத்திருக்காது.

பெர்மாஸ் ஜெயாவில் நின்று பார்த்தால் இந்த அளவுகோலின் கோணல் இன்னும் தெளிவாகும். தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் கண்ணுக்கெட்டும் தொலைவில் சிங்கப்பூரின் செம்பவாங். ஜொகூர் தோட்டத்தில் காலையில் வெட்டிய ஆர்க்கிட் பாலம் கடந்து அங்கே போனால் அது இறக்குமதிச் சரக்கு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லோரியில் குலுங்கி கேமரன் மலையிலிருந்து வரும் செவ்வந்தியோ பெர்மாஸ் ஜெயாவில் உள்ளூர்ப் பூ. இங்கே தூரம்கூட அளக்கப்படுவதில்லை. அளக்கப்படுவது நாட்டின் எல்லைக்கோடு. மண்ணுக்கும் மழைக்கும் காற்றுக்கும் அந்தக் கோடு தெரியாது.

அந்தச் செவ்வந்தியையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். கேமரன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சரிவுகளைப் படிப்படியாக வெட்டி அதன் மேல் பிளாஸ்டிக் கூரை போட்டு வளர்க்கிறார்கள். செவ்வந்தி நீண்ட இரவைக் கண்டால் மொட்டுவிடும் செடி. மலேசியாவில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ சரிபாதி என்பதால், அப்படியே விட்டால் தண்டு நீளும் முன்பே பூத்துக் குட்டையாக நின்றுவிடும். சந்தை கேட்பது நீண்ட காம்பு. ஆகவே நட்ட முதல் சில வாரங்களுக்கு நள்ளிரவில் பாத்திகளுக்கு மேல் விளக்கெரித்து, இன்னும் இரவு நீளவில்லை என்று செடியை நம்பவைக்கிறார்கள். தேவையான உயரம் வந்த பிறகுதான் விளக்கை அணைக்கிறார்கள். சரிவெங்கும் வரிசை வரிசையாக எரியும் விளக்குகளைச் சுற்றுலா வருபவர்கள் அழகென்று படமெடுத்துப் போகிறார்கள். ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் தரம் இப்படித்தான் கிடைக்கிறது. பெர்மாஸ் ஜெயாவின் மாலைக்கு வருவதும் இதே முறையில் விளைந்த பூதான். கூரை பிளாஸ்டிக், விளக்கு மின்சாரம், வெட்டிய சரிவு ஆகிய மூன்றும் ‘உள்ளூர்’ என்ற முத்திரைக்குப் பின்னால் கணக்கில்லாமல் போகின்றன.

வெட்டிய சரிவின் விலை சிறிதன்று. மேட்டு நிலத்தில் காடு அழிந்து மண் கரைந்ததில் ரிங்லெட் நீர்த்தேக்கம் வண்டல் சேர்ந்து கொள்ளளவு இழந்து வந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையில் நிரம்பிய அந்த நீர்த்தேக்கத்தின் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. இதற்குப் பூ விவசாயம் மட்டும் காரணமில்லை. காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் அந்தச் சரிவில் விளைந்த பூவை, விளைந்த நாட்டின் பெயரை மட்டும் வைத்துப் பசுமைப் பூ என்று விற்பது தவறான தகவல்.

பருவம் என்ற இரண்டாவது நிபந்தனையும் இந்த மண்ணில் வேர்பிடிக்கவில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் ஜொகூரில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு பத்து நிமிடம்தான். வசந்தத்தில் டூலிப், கோடையில் பியனி என்ற இங்கிலாந்துப் பட்டியல் இங்கே பொருளற்றது. இங்கே பருவம் தேவைக்கு உண்டு, செடிக்கு இல்லை. தைப்பூசம், சீனப் புத்தாண்டு, சிங் மிங், நவராத்திரி, தீபாவளி என்று நாள்காட்டிதான் பூவின் விலையைத் தீர்மானிக்கிறது. உண்மையில் பருவத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு பூ இங்கே புழக்கத்தில் இருக்கிறதென்றால் அது கடல் கடந்து வரும் மல்லிகை. தமிழ்நாட்டில் கார்த்திகை வாக்கில் கவாத்து செய்த செடி பங்குனி தொடங்கி ஆடி வரை குலுங்கப் பூக்கும்; மார்கழிப் பனியில் வரத்து சுருங்கி, பொங்கல் சமயத்தில் மதுரைச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். தை முகூர்த்தத்துக்கு மல்லி கேட்பவர் பருவத்துக்கு எதிராகக் கேட்கிறார். இதைச் சொல்லும் துணிவு ‘பருவப் பூ’ பேசுபவர் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கொள்கையால் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது இந்த மல்லிதான். மதுரை, நிலக்கோட்டை வட்டாரங்களில் விடியுமுன் மொட்டாகப் பறித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அடுக்கி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றி அனுப்புகிறார்கள். பூ அங்கே விரிந்துவிட்டால் இங்கே விலையில்லை. விமானத்தில் வருவதால் இது பாவப் பூ என்று முடிவு கட்டுவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விமானச் சரக்கில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் சுமக்க ஒரு கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பு என்பது, உயரத்தில் புகைவிடும் கூடுதல் விளைவையும் சேர்த்த கறாரான மதிப்பு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். ஆக, ஒரு கிலோ மல்லிக்கு மூன்று கிலோவுக்குள். ஒரு திருமணத்துக்கு இருபது கிலோ மல்லி என்று தாராளமாக வைத்தாலும் அறுபது கிலோவைத் தாண்டாது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நெடுஞ்சாலையில் சுமார் 330 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வெளியிடும் பெட்ரோல் கார் ஒரு வழிப் பயணத்திலேயே ஐம்பது முதல் அறுபத்தாறு கிலோ வெளியிடும். கல்யாணத்துக்கு வரும் ஒரே ஒரு சொந்தக்காரரின் கார், மண்டபத்து மல்லி முழுவதற்கும் ஈடாகிவிடுகிறது. ஐஸ், பெட்டி எடைகளைச் சேர்த்துக் கணக்கை இரட்டித்தாலும் இரண்டு கார். இந்த அளவுக்காக, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை நம்பியிருக்கும் சிறு விவசாயிகளையும் பறிக்கும் பெண்களையும் சந்தையிலிருந்து தள்ளுவது சுற்றுச்சூழல் அக்கறை ஆகாது.

மல்லி மாசற்றது என்று இதற்குப் பொருளில்லை. மொட்டுப்புழுவுக்கு எதிராக அங்கேயும் மருந்தடிப்பு கடுமையானது. இந்த இடத்தில்தான் ‘எங்கே’ என்ற கேள்வி மிக மோசமாகத் தோற்கிறது. காய்கறிக்குப் பூச்சிமருந்து எச்ச வரம்பு சட்டத்தில் உண்டு. பூ உணவன்று என்பதால் அந்த வரம்பு அதைத் தொடுவதில்லை. பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூக்கடைத் தொழிலாளர்களுக்குப் பருத்திக் கையுறை கொடுத்து வேலை செய்யச் சொல்லிப் பின்னர் அந்தக் கையுறைகளைச் சோதித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிமருந்துகளின் எச்சங்கள் கிடைத்தன. பெர்மாஸ் ஜெயாவிலோ மாசாயிலோ மாலை கட்டுபவருக்குக் கையுறை கிடையாது. நாரையோ நூலையோ இழுத்துப் பிடித்து, செவ்வந்தியைக் காம்பு கிள்ளி, இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போடும் வேலையைக் கையுறை மாட்டிக்கொண்டு செய்யவும் முடியாது. திருவிழா நெருங்கினால் விடிய விடிய அதே வேலை. அதே கடையில் கட்டிய துளசிமாலையிலிருந்து உதிரும் இலையைப் பக்தர் வாயில் போட்டுக்கொள்கிறார். அங்கே தொடுத்த சரத்தைப் பெண்கள் தலையில் சூடுகிறார்கள். மருந்து மலேசியாவில் தெளித்ததா, தமிழ்நாட்டில் தெளித்ததா என்பது அந்த விரல்களுக்கு ஒரு வேறுபாட்டையும் உண்டாக்காது. ‘உள்ளூர்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை என்பதுதான் இந்தக் கொள்கை செய்யும் பெருந்தீங்கு.

உண்மையிலேயே இடத்துக்கு ஏற்ற பூவும் இலையும் ஜொகூரில் ஏராளம். வியப்பு என்னவென்றால், உள்ளூர்ப் பூ விளம்பரங்களில் அவற்றுக்குப் பெரிதாக இடமில்லை. சமவெளி வெயிலில், கரித்துண்டிலும் ஓட்டுச் சில்லிலும் வேர்விட்டு, விளக்கும் சூடேற்றலும் கேட்காமல் வளரும் மொக்காரா ஆர்க்கிட் வெட்டிய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வாடாது, மாலையாகவும் கட்டலாம். வேலியோரம் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, சங்குப்பூ ஆகியவற்றுக்கு மருந்தே தேவைப்படாத வீடுகள் பல. வாழைமரமும் மாவிலையும் தென்னங்குருத்துத் தோரணமும் தோட்டப்புறக் கல்யாணங்களில் பந்தலின் பாதி அழகைத் தாங்கியவை. வாழைநாரில் கட்டிய மாலைக்கு ஸ்பாஞ்சும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். விழா முடிந்ததும் அப்படியே மண்ணுக்குப் போகும். இன்று அதே மாலையில் நைலான் நூலும் சரிகைத் தாளும் பிளாஸ்டிக் மணியும் ஏறிவிட்டன. பூ பக்கத்துத் தோட்டத்ததாகவே இருந்தாலும் அந்த மாலை மக்காது.

எனவே உள்ளூர், பருவம் என்ற இரு சொற்களை மட்டும் வைத்துப் பூவைத் தரம் பிரிக்கும் முறை, குளிர் நாடுகளின் கண்ணாடிக் கூடங்களுக்கும் அவற்றின் மாற்றுக்கும் இடையே தேர்ந்தெடுக்க உதவலாம். தென் மலேசியாவின் பூக்கடைக்கு அது வழிகாட்டியாக முடியாது. மண்டப அலங்காரக்காரர்கள் தங்கள் விலைப்பட்டியலில் பூ வந்த ஊரின் பெயரோடு, கூரைக்குள் வளர்ந்ததா வெளியிலா, இரவில் விளக்கெரித்ததா, கடைசியாக மருந்தடித்து எத்தனை நாளாயிற்று, மாலை எதில் கட்டியது என்ற நான்கையும் எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுக்காத கடையில், முன்பணம் கட்டுவதற்கு முன் வாடிக்கையாளர்கள் அந்த நான்கையும் கேட்க வேண்டும்.