உடம்போடு ஒட்டிய நிறம்

ஒரு பிக்கப் வண்டியின் பெயிண்ட் வேலை எப்படி என்று தெரிந்துகொள்ள, முன் பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடுக்கைப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் இரும்புத் தகடு, மறுபக்கம் பிளாஸ்டிக். தகட்டின் நிறம் தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி சூட்டில் வெந்தது. பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. 80 டிகிரியை ஒட்டித்தான் அதை உலர்த்துவார்கள். இப்படி வெவ்வேறு வழியில் வந்த இரண்டு பொருள்கள் அந்த இடுக்கில் ஒரே நிறமாக நின்றுவிட்டால், அங்கே ஒரு தேர்ந்த கை வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

ஆம்பூர் வழியே போகும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பிக்கப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. 1988-இல் டாடாமொபைல் வந்தபோது பிக்கப் என்றால் சரக்கு, உழைப்பு. 2016-இல் இசுசூ வி-கிராஸும் 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்த பிறகு, அதே வடிவம் வீட்டு வண்டியாகவும் மாறியது; முகப்பில் குரோம் மினுமினுப்பும் கூடவே ஏறியது. அந்தக் குரோம் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பாடி கலரிலேயே மாற்றிக் கொடுங்கள் என்று பட்டறைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ரசனையை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

குரோமின் அழகை மறுக்கவில்லை. நிக்கல் பூச்சு மங்கிப் பழுப்பேறிக்கொண்டிருந்த காலத்தில், 1920-களில் குரோம் முலாம் கார்களுக்கு வந்தது. நாம் கண்ணாரப் பார்த்துப் பழகியது அம்பாசடரின் பம்பரில். பளபளக்கும் அந்தக் குரோம் படலம் அரை மைக்ரான் அளவுகூட இருக்காது. அதன் ஆழமும் வழவழப்பும் அடியிலிருக்கும் நிக்கல் கொடுப்பவை. நிக்கலின் மஞ்சள் சாயலை மறைத்து நீலவெள்ளை ஒளியைத் தருவது குரோம். கனத்த இரும்பு பம்பர் தனி உறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்த வண்டியில் அந்த ஒளிக்கு இடம் இருந்தது. இன்றைய பிக்கப்பில் பம்பர், ஃபெண்டர், பானெட் மூன்றும் ஒரே வளைவாக ஓடுகின்றன. அதன் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்தால் வளைவு அங்கேயே அறுபடுகிறது. நிறத்தை ஒன்றாக்கினால் வண்டியின் உருவம் ஒரே மூச்சில் கண்ணுக்குள் வருகிறது.

இந்த நுட்பத்தை ஆம்பூரில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. குரோமியத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு. இங்கே டேனரிகளில் தோலைப் பதப்படுத்துவது குரோமிய உப்பு. அந்த உப்பு ஏறிய தோல் வெளிர்நீலமாக வெளிவரும்போது அதை வெட் புளூ என்கிறார்கள். அது மூவிணைதிறன் கொண்ட குரோமியம். பம்பருக்கு முலாம் பூச வழக்கமாகப் பயன்பட்டுவந்தது, அதைவிடக் கொடிய நச்சான ஆறிணைதிறன் வகை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மண்ணையும் நீரையும் என்ன செய்தது என்று இந்த வட்டாரத்துக்குத் தெரியும். டேனரிக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்காகத்தான் 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பிறகு, முலாமுக்கான குரோமியம் ட்ரைஆக்சைடைச் சிறப்பு அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. ஏற்கெனவே முலாம் ஏறிய பம்பர் மீது நிறம் அடிப்பதால் நடந்த சேதம் திரும்பிவிடாது. ஆனால் முலாம் இல்லாத பாகத்தையே கேட்டு வாங்கும் வழக்கம் பரவினால், அடுத்த முலாம் தொட்டியின் தேவையாவது குறையும்.

இன்னொரு காரணம் ஆம்பூரின் கண். ஒரு ஜோடி ஷூவின் இடது அப்பரும் வலது அப்பரும் வேறு வேறு தோல்களிலிருந்து வெட்டப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒரே ஷேடாக இல்லாவிட்டால் அந்த ஜோடி கழிவு. அதனால் டேனரிகளின் பினிஷிங் பிரிவில் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்குப் பெட்டிக்குள் ஒருமுறை என்று பார்ப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாக நிற்கும் இரு நிறங்கள் மற்றொன்றில் பிரிந்துவிடும். கார் பெயின்டரின் பிரச்சினையும் இதுவேதான். முறையும் உறவுதான்: கீழே நிறமி, மேலே ஒளி தரும் தெளிவான பூச்சு. 1923-இல் டூபாண்ட் நிறுவனம் டூகோ என்று கொண்டுவந்து கார்களின் நிறத்தையே மாற்றிய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வகை, தோலின் மேற்பூச்சாக இன்றும் வாழ்கிறது.

இனி வேலைக்கு வருவோம். குரோம் பட்டையின் மேலேயே பெயிண்ட் அடிப்பது மலிவான வழி. பெரும்பாலும் வீணாகும் வழியும் அதுதான். குரோம் கடினமானது, வழுவழுப்பானது. பெயிண்டுக்குப் பிடிமானம் தராது. எமரித் தாளால் அதன் பளபளப்பு முழுவதும் சாகும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் கொடுத்த பிறகுதான் நிறம் நிற்கும். தேய்ப்பதில் சோம்பினால், நெடுஞ்சாலையில் ஒரு ஜல்லி தெறித்த இடத்திலிருந்து ஏடு ஏடாக உரியும். முலாம் பூசாத பாகம் கிடைத்தால் அதுவே மேல். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, லேசாகச் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக் பிரைமர் அடித்தால் வேலை பாதி முடிந்தது.

மறுபாதிதான் கலை. ஒரு பட்டறையில் வாடிக்கையாளர், "பாய், வண்டியிலேயே கலர் நம்பர் இருக்கே, அதைப் போட்டு அடிச்சிட வேண்டியதுதானே?" என்று கேட்டார். பெயின்டர், "அது ஷோரூம்ல நிக்கற வண்டியோட நம்பருண்ணே. உங்க வண்டி இத்தனை வருஷம் வெயில் குடிச்சிருக்கு" என்றார். வேலூர்ச் சீமையின் வெயிலை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் முதலில் ஃபெண்டரை ரப்பிங் பாலிஷ் போட்டு, வெளுத்த மேல்தோலை எடுத்தார். பிறகு நம்பர்படி கலந்த பெயிண்டைச் சிறு கார்டுகளில் அடித்து, கிளியர் கோட்டும் கொடுத்து உலர்த்தி, ஃபெண்டரின் மேல் வைத்துப் பார்த்தார். கிளியர் ஏறாத கார்டும் ஈரமான கார்டும் பொய் சொல்லும்.

மெட்டாலிக் நிறங்களில் இந்தப் பொறுமை இரட்டிப்பாகத் தேவை. அவற்றில் நுண்ணிய அலுமினியத் துகள்கள் மிதக்கின்றன. ஸ்பிரே கன்னைக் கிட்டத்தில் பிடித்து ஈரமாக அடித்தால் துகள்கள் தாறுமாறாகச் சாய்ந்து, நேர்ப்பார்வைக்கு நிறம் கருக்கும். தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் அவை படுத்துக்கொண்டு வெளுக்கும். டப்பாவில் இருப்பது ஒரே பெயிண்ட். காற்றழுத்தமும் மணிக்கட்டின் வேகமும் அதை இரண்டு நிறமாக்கும். பேர்ல் வெள்ளையோ இன்னும் கண்டிப்பானது. வெள்ளை அடித்தளத்தின் மேல் முத்துப் பூச்சு எத்தனை முறை ஏறுகிறதோ, அத்தனை முறையும் நிறம் நகரும். ஆகவே தேர்ந்தவர் நிறத்தைக் கலக்குவதோடு நிற்பதில்லை. கையின் வேகத்தையும் கோட்டின் எண்ணிக்கையையும் கார்டின் பின்புறம் எழுதிவைத்து, பம்பர் மேலும் அப்படியே நடத்துகிறார்.

முடிந்த வேலையை மதிப்பிட மூன்று இடங்களில் நில்லுங்கள். நேராக, பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு குனிந்து. நேர்ப்பார்வையில் பொருந்தி, சாய்ந்த பார்வையில் பிரிவது அரைகுறை வேலை. உச்சி வெயில் பல குறைகளைக் கூச்சத்தில் மறைத்துவிடும். காலை நிழலில் ஒருமுறையும் பெட்ரோல் பங்க் விளக்கடியில் ஒருமுறையும் பாருங்கள். பம்பரின் வளைவில் விழும் ஒளி ஃபெண்டரின் சரிவில் விழுவதில்லை. எனவே இரண்டும் ஒரே சாய்வில் சந்திக்கும் இடுக்கில்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

இந்த வேலை வெற்றி பெற்றால் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். குரோம் பட்டையைச் சாலையே திரும்பிப் பார்க்கும். பொருந்திய நிறத்தைப் பார்ப்பவர் வண்டி அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். இந்தக் கலையின் உயரம் அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் பிக்கப்பின் முகப்பை மாற்றும் எண்ணம் இருந்தால், கார்டு அடித்துப் பார்க்க பெயின்டருக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள். அந்த நாளின் கூலியில் பேரம் பேசாதீர்கள். பொருத்தம் என்பது அங்கேதான் உருவாகிறது.