திரையிலிருந்து தாளுக்கு: கலை இதழ்களின் கைப்பிரதிகள்

அச்சில் வந்ததைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று நம் சங்கக் கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. ஏட்டுச்சுவடி, பழைய புத்தகம், நின்றுபோன பத்திரிகை எல்லாம் மின்வடிவம் பெற வேண்டும் என்கிறோம். நல்ல வேலைதான். ஆனால் மேல்நாட்டுக் கலை உலகில் இதற்கு நேர் எதிரான ஒரு வேலையும் நடந்து வருகிறது. இணையத்தில் பிறந்த கலை இதழை வாசகனே தாளில் இறக்கி, மடித்து, தைத்துப் புத்தகமாக்கிக்கொள்வதுதான் அது. இதில் சரக்கு எது, வெறும் வேடிக்கை எது என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு ஓவியக் கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. பெங்களூர் அவென்யூ ரோட்டில் முப்பத்தைந்து வருஷம் காகிதம் விற்றவன். கலை பற்றிய எழுத்தைக் கிடைத்த நேரத்தில் கிடைத்த மட்டும் படித்தவன். ஆகையால் கலையை அறிஞர்கள் பார்க்கட்டும். நான் தாள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஒரு நல்ல முன்மாதிரி

நியூயார்க்கில் இ-ஃபிளக்ஸ் என்றொரு அமைப்பு உண்டு. கலைக் கண்காட்சிச் செய்திகளை மின்னஞ்சலில் அனுப்புவதில் தொடங்கியது. 2008 நவம்பரில் ஜூலியெட்டா அராண்டா, பிரையன் குவான் வுட், ஆன்டன் விடோக்கிள் ஆகியோரை ஆசிரியர்களாகக் கொண்டு இணையத்தில் ஒரு கலை இதழைத் தொடங்கியது. கட்டுரைகள் எல்லாம் இலவசம். கூடவே, இணையப் பக்கத்தின் எழுத்திலிருந்தே அச்சுக்கேற்ற பி.டி.எஃப். கோப்பு உருவாகும்படியும் செய்தார்கள். பல நாடுகளில் புத்தகக் கடைகளும் கலை மையங்களும் அந்தக் கோப்பை இறக்கி, தாங்களே அச்சடித்துக் கட்டிக் கொடுத்தன.

ஒரு வியாபாரியின் கண்ணுக்கு இதன் அருமை உடனே தெரியும். சிறுபத்திரிகையைக் கொல்வது பெரும்பாலும் தேங்கிய சரக்கும் தபால் செலவுமே. ஆயிரம் பிரதி அடித்து, முந்நூறு விற்று, மிச்சம் பரணில் கிடந்து செல்லரித்துப்போன கதை நம் தமிழ் ஏடுகளுக்கும் உண்டு. இங்கே பரணும் இல்லை, பார்சலும் இல்லை. கேட்டவருக்கு மட்டும், கேட்ட ஊரிலேயே பிரதி உண்டாகிறது.

இதே கருத்தை முன்பே செய்து பார்த்தவர்கள் டேவிட் ரைன்ஃபர்ட், ஸ்டூவர்ட் பெய்லி என்னும் இருவர். 2006இல் நியூயார்க் லட்லோ தெருவில் ஒரு நிலவறையில் டெக்ஸ்டர் சினிஸ்டர் என்ற பட்டறையை நடத்தினார்கள். வேண்டியபோது வேண்டிய அளவு உற்பத்தி என்னும் தொழிற்சாலை வழக்கத்தைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2011 முதல் அவர்கள் சம்பந்தப்பட்ட சர்விங் லைப்ரரி, கட்டுரைகளைத் தனித்தனிக் கோப்பாக இலவசமாகத் தந்து, பின்பு அவற்றைத் தொகுத்து அச்சிதழாகவும் வெளியிட்டது. நம் நாட்டிலும் டில்லி சராய் அமைப்பு 2001 முதல் வெளியிட்ட தொகுப்பு நூல்கள் புத்தகமாகவும் இலவசக் கோப்பாகவும் கிடைத்தன. யார் வேண்டுமானாலும் அச்சிட்டுப் படிக்கலாம்.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாள், மை, மின்சாரம், கை உழைப்பு எல்லாம் வாசகன் தலையில். பதிப்பாளர் செலவை இறக்கிவைத்த இடம் அதுதான். இதைக் குறையென்று சொல்லமாட்டேன். செலவு செய்து அச்சடித்தவன் கட்டாயம் படிப்பான். சும்மா கிடைத்த கோப்பு கணினியின் மூலையில் தூங்கும்.

தாளின் கணக்கு

இனி, இந்தக் கோப்புகளைப் புத்தகமாக்கும் வேலையைப் பார்ப்போம். மடித்து நடுவில் பின்னடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கம் என்றால் நான்கு ஏ4 தாள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16, 1. மறுமுகத்தில் 2, 15. எந்த முகத்தைக் கூட்டினாலும் 17 வரும். மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூட்டியது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்தப் பிள்ளையும் வீட்டில் புத்தகம் கட்டலாம்.

இரண்டு இடத்தில் தடுக்கும். முதலாவது, அமெரிக்கக் கோப்புகள் பல அந்நாட்டு லெட்டர் அளவில், அதாவது 216க்கு 279 மில்லிமீட்டரில் இருக்கும். நம் ஏ4 தாள் 210க்கு 297. அப்படியே அடித்தால் பக்கவாட்டில் மூன்று மூன்று மில்லிமீட்டர் போகும். சுருக்கி அடித்தால் மேலும் கீழும் வெள்ளை விழும். இரண்டாவது, கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். நாம் மடிப்பதோ அதற்குக் குறுக்கே. அதனால்தான் வீட்டில் செய்த புத்தகம் விறைத்துக்கொண்டு திறக்க மறுக்கிறது. பெரிய தாள் வாங்கி நார்வாக்கு பார்த்து வெட்டிக்கொண்டால் புத்தகம் சொன்ன பேச்சு கேட்கும்.

இதழாசிரியர்கள் தாளுக்கென்று ஒரு வடிவம் தருகிறார்கள். அந்தத் தாள் எந்த ஊர்த் தாள் என்று யோசிப்பவர்கள் குறைவு. படங்களும் அப்படியே. திரையில் நிறத்தோடு நின்ற ஓவியம் லேசர் அச்சில் சாம்பல் பூசிக்கொள்கிறது. அசையும் படம் வெற்றுக் கட்டமாகிறது. ஹிட்டோ ஸ்டேயர்ல் 2009 நவம்பர் இதழில், படியெடுத்துப் படியெடுத்துத் தரம் குறைந்த படங்களுக்காகவே வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். தரத்தில் இழந்ததை அவை வேகத்திலும் பரப்பிலும் ஈடுசெய்கின்றன என்பது சாரம். அந்தக் கட்டுரையையே மங்கலான நகலில் படித்தால் அவர் வாதம் இன்னும் நன்றாகப் புரிகிறது. ஆனால் ஓவியம் பற்றிய எழுத்தில் அந்த ஓவியமே தெரியாமல் போனால், பரப்பு மட்டும் இருந்து என்ன பயன்?

வேடிக்கைக்கு அச்சடிப்பது

2013இல் கென்னத் கோல்ட்ஸ்மித் என்ற அமெரிக்கக் கவிஞர், இணையம் முழுவதையும் அச்சிட்டு அனுப்புங்கள் என்று உலகத்துக்கு அழைப்பு விடுத்தார். மெக்சிகோ நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் சுமார் 10 டன் காகிதம் வந்து குவிந்தது. அறிவுநூல்களை எல்லோருக்கும் திறந்துவிடப் போராடி, அந்த ஆண்டு ஜனவரியில் உயிர்நீத்த ஆரன் ஸ்வார்ட்ஸின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் 10 டன் என்றால் 80 கிராம் ஏ4 கணக்கில் ஏறத்தாழ 20 லட்சம் தாள். எந்தப் பக்கத்தையும் யாரும் தேடி எடுத்துப் படிக்க முடியாத குவியல். மிகுபொருள் விரும்பாமை என்பதை விரதமாகச் சொல்லிக்கொடுத்த வீட்டில் வளர்ந்தவன் நான், காகிதம் விற்றும் பிழைத்தவன். இரண்டு வகையிலும் எனக்கு இது ஒப்பவில்லை. காகிதத்தைக் காட்டுவது வேறு, காகிதத்தால் படிக்க வைப்பது வேறு.

2015இல் மைக்கேல் மாண்டிபெர்க் செய்தது இதைவிட யோசனையானது. ஆங்கில விக்கிப்பீடியாவை 7,473 தொகுதிகளாக, தொகுதிக்கு 700 பக்கமாக வடிவமைத்து, கேட்டால் அச்சடித்துத் தரும் நிறுவனத்தில் ஏற்றினார். கண்காட்சியில் சில தொகுதிகளே நிஜப் புத்தகம். மற்றவற்றுக்குச் சுவரில் முதுகுப் படம் மட்டும். காகிதத்தை வீணாக்காமலே அளவை உணர்த்திவிட்டார். அந்தத் தொகுதிகள் அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்து விக்கிப்பீடியாவாக நின்றுவிட்டன. மூலமோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருக்கிறது. இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது.

ஏட்டின் கடைசி வரி

1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் தேர்ந்தார். கும்பகோணத்துச் சமணர்கள் அவருக்குப் பொருள் விளங்கத் துணைநின்றார்கள். ஏடுகள் பல வீடுகளில் தனித்தனியே இருந்ததால்தான் அந்த ஒப்பீடு நடந்தது. இதே கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்னும் சமணப் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதி எழுதுவித்து வழங்கினாள் என்பது கன்னட இலக்கிய வரலாறு. சாத்திர தானம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நூல் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே நாளில் போய்விடும். ஜியோசிட்டீஸ் என்ற இணையக் குடியிருப்பை 2009இல் யாகூ மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் அப்படித்தான் இடம் இழந்தன.

இணையக் கட்டுரையை ஆசிரியர் சத்தமில்லாமல் திருத்தலாம். பழைய பாடம் இருந்த சுவடே தெரியாது. தாளில் இறக்கிய பிரதி ஒரு சாட்சி. ஆனால் தேதி இல்லாத சாட்சி செல்லுமா? ஏடு எழுதியவர் கடைசியில் ஆண்டும் மாதமும் தன் பெயரும் குறித்தார். இ-ஃபிளக்ஸ் கோப்புகளின் ஓரத்தில், அந்தக் கோப்பு உருவான நாளும் மணியும் நொடி உட்படப் பதிந்திருக்கும். கண்ணில் படாத சின்ன எழுத்துத்தான். என் கணிப்பில் அவ்விதழின் வடிவமைப்பில் மிகச் சிறந்த அம்சம் அதுவே. குறை என்னவென்றால், கட்டிக் கொடுத்த கையின் பெயரும் ஊரும் அதில் இல்லை. அதை வாசகன்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இலவசமாகத் தந்து வருகிறது. தமிழ் இணைய இதழ்களிலும் ஓவியம், சிற்பம், கோயிற்கலை பற்றி நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. வெளிமாநிலத்தில் தமிழ்ப் புத்தகக் கடை தேடி அலையும் நமக்கு இவை பெரிய செல்வம். உரியவர் அனுமதி பெற்று, ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை தேர்ந்து, சங்க நூலகத்தில் பிள்ளைகளை வைத்தே பதினாறு பக்கப் புத்தகங்களாகக் கட்டலாம். தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறும் பிள்ளைகூடத் தன் கையால் தைத்த புத்தகத்தைத் திறந்து பார்க்கும்.

தேவை ஒரு லேசர் அச்சுப்பொறி, நீளக்கை ஸ்டேப்ளர், நார்வாக்கு தெரிந்த ஒரு ஆள். ஆளுக்கு நான் இருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் நான்கு வரி தவறாமல் இருக்கட்டும்: எங்கிருந்து எடுத்தது, என்று எடுத்தது, எந்த ஊரில் அச்சிட்டது, யார் கட்டியது.