‘ஜிஃப்’: ஒரு பகைப்பெயரும் அதன் தமிழாக்கமும்

1944 மார்ச்சில் ஜப்பானியருடன் இந்திய தேசிய இராணுவம் இம்பாலை நோக்கி முன்னேறியபோது, பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் எல்லைப்புற டிவிஷன்களை இம்பால் சமவெளிக்குப் பின்வாங்கச் செய்து அரண் வகுத்தார். அதற்கு முன்பே, 1943இல், அரசு சொல்லரண் ஒன்றையும் எழுப்பியிருந்தது. எதிர்ப்பக்கம் சேர்ந்த இந்தியரை ‘ஜிஃப்’ என்னும் தலைப்பெழுத்துச் சொல்லால் குறிக்கும் வழக்கமே அது.

‘இந்திய’, ‘தேசிய’, ‘இராணுவம்’ என்னும் மூன்று சொல்லும் மூன்று உரிமைக் கோரிக்கைகள். ‘ஜிஃப்’ என்பதன் விரிவோ ஒருபடித்தாக வழங்கவில்லை. ‘ஜப்பானிய-இந்தியப் படைகள்’ என்பது ஒன்று. ‘ஜப்பானியரால் தூண்டப்பட்ட ஐந்தாம் படை’ என்பது மற்றொன்று. முன்னது ‘தேசிய’ என்பதை நீக்குகிறது. பின்னது மூன்றையுமே மறுக்கிறது. எவ்விரிவாயினும் முதலெழுத்து ஜப்பானுடையது.

‘ஐந்தாம் படை’ என்பது 1936இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரில், மாட்ரிடை நோக்கி வந்த நான்கு அணிகளுக்கு அப்பால் நகருக்குள்ளேயே மறைந்திருந்த ஆதரவாளரைக் குறிக்க எழுந்த தொடர். வெளியிலிருந்து சீருடையுடன் வரும் இராணுவத்துக்கு அது பொருந்தாது. அரசின் அச்சத்துக்கோ மிகவும் பொருந்துகிறது. தன் சிப்பாய்களே அணி மாறக்கூடும் என்பதே அவ்வச்சம். அதனைத் தடுக்கவே படைப்பிரிவுகளில் ‘ஜோஷ்’ குழுக்கள் அமைக்கப்பட்டன. எழுச்சி, ஊக்கம் எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல் அது. பகைவனுக்கு ஆங்கிலச் சுருக்கம், தனக்கு இந்தியச் சொல் என்னும் இப்பங்கீடு நோக்கத்தக்கது.

தமிழாக்கத்தில் இடர்ப்பாடு இங்குதான். ஆங்கிலத்தில் இராணுவத்தைக் குறிக்கும் சொல் வேறு. ‘ஐந்தாம்’ என்பதை அடுத்து வரும் சொல் வேறு. தமிழில் ‘தேசியப் படை’, ‘ஐந்தாம் படை’ இரண்டிலும் ‘படை’யே நிற்பதால் மூலத்தின் இழிப்பு மங்கிவிடுகிறது. (நாற்படை மரபறிந்த செவிக்கு அத்தொடர் சற்றே பெருமிதத்துடனும் ஒலிக்கக்கூடும்.) ‘ஜிஃப்’ வருமிடமெல்லாம் ‘இந்திய தேசிய இராணுவத்தினர்’ எனப் பெயர்ப்பது நாட்டுப்பற்றுக்கு உகந்ததாகத் தோன்றலாம். ஆயின் அது, அரசு தர மறுத்த பெயரை அரசின் வாயிலேயே இடுவதாகும். ஆவணத்தின் பகைமை வாசகருக்குப் புலப்படாமற் போகும். ‘ஜிஃப்’ என்றே எழுதி, முதன்முதல் வருமிடத்தில் விரிவுகளைத் தருவதே தக்கது.

1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியபோது, ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவர் மீதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 121ஆம் பிரிவின்படி, அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. மறைந்திருந்த கையாள் என்னும் பெயர் அங்கு உதவாது. போர் தொடுத்தோர் என்றே அரசு நிறுவ வேண்டியிருந்தது. அவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரும் சொல்லை மாற்றியாக வேண்டும்.