பாலக்காட்டு வெயிலும் மூணாற்றுக் குளிரும்: உடம்பை ரசிப்பது எப்படி?

2016 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெயில் 41.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மூணாறுப் பக்கம் செண்டுவாரை, செவன்மலை எஸ்டேட்களில் மார்கழி, தை விடியலில் புல்மேல் உறைபனி படிந்து கிடக்கும். இரண்டு இடத்திலும் மனித உடம்பின் உட்புறம் 37 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இதைப் பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள் பலர். தன் உடம்பிலேயே நடப்பதை உட்கார்ந்து கவனித்தவர்கள் குறைவு.

கவனிக்க ஒரு நல்ல சாலை இருக்கிறது. பாலக்காட்டில் கிளம்பி, சித்தூர், கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று வந்து, சின்னார் சோதனைச்சாவடி தாண்டி மறையூர் வழியாக மூணாறு ஏறுவது அது. கேரளத்தின் இரண்டு மாவட்டங்களுக்கு இடையே தமிழ்நாட்டைக் கடந்து போகும் இந்த வழியில், ஒரே பகலில் 1,400 மீட்டருக்கு மேல் உயரம் கூடிவிடுகிறது. நரம்பு, நாளமில்லாச் சுரப்பி, சிறுநீரகம் மூன்றும் கூடிச் செய்யும் வேலை அந்த ஒரு பகலிலேயே வெளியே தெரியும்.

முதலில் வியர்வை. மாசி, பங்குனியில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று வரும். கொச்சியில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வியர்வை தோலுக்கு வந்த வேகத்தில் ஆவியாகிவிடுகிறது. வியர்க்கவே இல்லை என்று தோன்றும். மாலையில் கறுப்புச் சட்டையில் வெள்ளையாக உப்பு பூத்திருப்பதைப் பார்த்தால்தான் உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்பது புரியும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். உத்தரவு போடுவது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். ரத்தம் சூடாகட்டும் என்று அது காத்திருப்பதில்லை. தோலின் நரம்பு முனைகள் வெயிலை உணர்ந்ததுமே செய்தி போய்விடுகிறது.

காய்ந்த காற்றில் வியர்வைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்தவர் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர். 120 டிகிரிக்கும் மேல் சூடேற்றிய உலர்ந்த அறைக்குள் அவர் சில நிமிடங்கள் நின்றார். அந்த அறையில் வைத்த முட்டை வெந்து கெட்டியானது. மாட்டிறைச்சித் துண்டும் வெந்தது. அவருடைய உடல் வெப்பமோ பெரிதாக மாறவில்லை.

அடுத்தது தாகம். ரத்தத்தின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே பிட்யூட்டரி வழியாக வாசோபிரெசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் 99 சதவீதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கின்றன. வாசோபிரெசின் கூடினால் எஞ்சிய ஒரு சதவீதத்திலும் மிச்சம் பிடிக்கின்றன. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகிறது. நா வறள்வதற்குச் சற்று முன்பே இந்தச் சிக்கனம் தொடங்கிவிடுகிறது என்பதுதான் ரசிக்க வேண்டிய நுட்பம்.

கோபாலபுரத்தில் ஒரு டம்ளர் சம்பாரம் (மசாலா மோர்) வாங்கிக் குடிப்பவர் இன்னொன்றையும் கவனிக்கலாம். குடித்த சில நொடிகளிலேயே தாகம் தணிகிறது. அந்த நீர் ரத்தத்தில் சேர இன்னும் பல நிமிடங்கள் ஆகும். வாயும் தொண்டையும் விழுங்கியதை உணர்ந்து மூளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட, வாசோபிரெசினும் அப்போதே இறங்கத் தொடங்குகிறது.

சின்னார் வரை வெக்கைதான். மறையூர் தாண்டிக் கரும்பும் சந்தனமும் பின்னால் போய், தேயிலை தெரிய ஆரம்பித்ததும் காட்சி மாறும். விரல் நுனி சில்லிடும். தோலின் ரத்தக் குழாய்களை நரம்புகள் சுருக்கிவிடுவதால் ரத்தம் உள்ளே ஒதுங்குகிறது. நடு உடம்பில் ரத்தம் கூடியதும், நீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உடம்பு வாசோபிரெசினைக் குறைக்கிறது. மூணாறு பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்கள் டீக்கடைக்கு முன் கழிப்பறையைத் தேடுவதில் இதற்கும் பங்குண்டு. பாலக்காட்டில் சொட்டு நீரையும் பிடித்துவைத்த அதே சிறுநீரகங்கள் இப்போது தாராளமாக வெளியே விடுகின்றன. இன்னும் குளிர்ந்தால் தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்கும். அட்ரினலினும் கைகொடுக்கும்.

உடம்பின் இந்த ஏற்பாட்டை மதிக்கத் தெரிந்த நடைமுறைகளும் உண்டு. கேரளத் தொழிலாளர் துறை கோடையில் திறந்தவெளி வேலைக்கு நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஓய்வு தருகிறது. 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’ அடித்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. கழிப்பறை பக்கத்தில் இல்லையென்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்களின் நிலைமைதான் வேதனை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரக நலனையும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழு ஆராய்ந்திருக்கிறது. சிறுநீரகத்தின் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருப்பது தண்ணீர்க் குடம் இருப்பதற்குச் சமமான தேவை.

மலையிலிருந்து இறங்குபவருக்குக் கணக்கு வேறு. சித்தூர் வயலில் தினமும் வேலை செய்பவரின் உடம்பு வெயிலுக்குப் பழகியது: வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறைவாக இருக்கும். அட்ரினல் சுரப்பி தரும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் மட்டுமின்றி வியர்வைச் சுரப்பியிலும் உப்பைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. எஸ்டேட்டிலிருந்து சித்திரையில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு இறங்கும் பெரியவருக்கு அந்தப் பழக்கம் வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வயது ஏற ஏறத் தாகமும் மந்தமாகிறது. அவர் கேட்காவிட்டாலும் உப்புப் போட்ட மோரை வீட்டார் அவ்வப்போது கொடுத்துக்கொண்டிருப்பதும், நண்பகலில் பந்தலைவிட்டு வீட்டுக்குள் உட்காரவைப்பதும் நல்லது. ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர் என்றால் உப்பின் அளவைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.