பார்த்த பிறகே படம்

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளை நோக்கிப் போகிறவர்கள், நாவுலவுக்குச் சற்று முன்னால் நாலந்தா கெடிகே என்னும் பழைய கற்கோயிலுக்குப் பிரியும் பாதையைக் கடக்கிறார்கள். 1968 இறுதியில் கண்டியிலிருந்து தம்புள்ளைக்கும் பொலன்னறுவைக்கும் சென்ற அமெரிக்கத் துறவி தோமஸ் மேர்ட்டனும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போயிருப்பார். அவரிடம் இருந்தது நண்பர் ஜோன் ஹோவார்ட் கிரிஃபின் கொடுத்த கெனன் கமரா. பொலன்னறுவைக் கல் விகாரையில் செருப்பைக் கழற்றி, ஈரப் புல்லில் நடந்து, புத்தர் சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். சில நாட்களில், டிசம்பர் 10ஆம் திகதி, பாங்கொக் அருகே இறந்துபோனார்.

ஒளிப்படத்தைத் தியானமாகக் கொண்டவர்களில் மேர்ட்டனின் பெயர் முக்கியமானது. ஆனால் அவர் அதிகம் எடுத்தவை சிலைகள் அல்ல. கெண்டக்கியில் தன் மடத்தைச் சுற்றிக் கிடந்த மரவேர்கள், பழைய நாற்காலி, ஏணி, வெயில் விழுந்த சுவர் ஆகியவற்றையே எடுத்தார். கமராவின் மீது அவருக்குச் சந்தேகமும் இருந்தது. டார்ஜிலிங்கில் காஞ்சன்ஜங்காவைப் படமாக எடுத்துத் தள்ளியவர், அஞ்சலட்டையில் ஏறாத அதன் மறுபக்கமே பார்க்கத் தகுந்தது என்ற எண்ணத்தைத் தன் ஆசியக் குறிப்பேட்டில் பதிந்தார்.

இந்தத் தியான ஒளிப்படத் துறையின் வரலாற்றில் நம்மவர் ஒருவரும் வருகிறார். ஒளிப்படக் கலைஞர் அல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களை எடுத்து, அவற்றைத் தன் மனநிலைக்கு ‘ஈடானவை’ என்றார். 1924இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய 27 படங்களைப் பெற்றுக்கொண்டது. ஒளிப்படத்தைக் கலையாக ஏற்கப் பெரிய அருங்காட்சியகங்கள் தயங்கிய அந்தக் காலத்தில் அதற்கு வழிசெய்தவர், அங்கே காப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், சேர் முத்து குமாரசுவாமியின் மகன். ஸ்டீக்லிட்ஸின் சிந்தனையை ஒளிப்படக் கலைஞர் மைனர் வைட் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். திபெத்திய ஆசான் சோக்யம் ட்ருங்பாவின் போதனையில் வேர்கொண்ட ‘மிக்சாங்’ முறை அதையே பயிற்சியாக வகுத்தது. அன்டி கார், மைக்கல் வூட் இருவரும் 2011இல் வெளியிட்ட நூல் அதை மூன்று படிகளாகச் சொல்கிறது: கண் சட்டென்று ஒன்றில் நிற்கும் கணம், அங்கேயே தங்கி அது என்னவென்று பார்ப்பது, கண்டதற்கு ஈடான சட்டகத்தை அமைப்பது. ஷட்டரை அழுத்துவது கடைசியில்தான்.

எல்லாம் படத்துக்குள் அடங்கிவிடாது என்பதற்குத் திருவண்ணாமலை சாட்சி. 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது அங்கே தங்கியிருந்தவர் ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். ரமணரின் இறுதி நாட்களும் அடியவர்களின் துயரமும் அவர் படங்களில் உள்ளன. அதே வேளை வானத்தைக் கடந்த ஒளியைக் கண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8.47. அந்த ஒளிக்கு நமக்குக் கிடைத்திருப்பது கண்டவர்களின் வாய்மொழி மட்டுமே.

இனி நாலந்தாவுக்கு வருவோம். 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் இந்தக் கற்கோயில், கட்டட அமைப்பில் பல்லவர் பாணியையும் வழிபாட்டில் பௌத்தத்தையும் சேர்த்துக்கொண்டது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்கக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் முகப்பை ஒருமுறை கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மூன்று படிகளின்படி நின்றால், தெற்குப் பக்கக் கூட்டுக்குள் அமர்ந்திருக்கும் குபேரனோ, கல்லும் கல்லும் சேரும் கோட்டில் விழும் நிழலோ கண்ணைப் பிடிக்கலாம். இரண்டாவதைச் சுற்றுலாக் கையேடு எதுவும் காட்டித் தராது.

தமிழில் கோபுரமும் தேரும் திருநீற்று நெற்றியும் இருந்தால் ‘ஆன்மிகப் படம்’ என்று எழுதிவிடுகிறோம். அந்த அளவுகோலில் மேர்ட்டனின் பழைய நாற்காலி தேறாது. எதை எடுத்தார் என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார், எத்தனையை எடுக்காமல் விட்டார் என்று கேட்கத் தொடங்கினால்தான் இந்தத் துறைக்குத் தமிழில் ஒரு விமர்சனம் உருவாகும்.