ஹெலனுக்காக அழுதவர்கள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழு பெண்கள். நான்கு பேர் ஆசிரியைகள், ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் ஓய்வுபெற்ற செவிலி. சென்ற ஆண்டு எலிசபெத் ஜார்ஜின் லின்லி தொடரை வரிசையாக வாசித்தோம். ஒரு நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுவில் ஒற்றை வரி வந்து விழுந்தது: “ஹெலனைக் கொன்னுட்டா பாவி.” அனுப்பியவர் செவிலி அக்கா. ஆயிரம் மரணங்களைப் பார்த்த மனுஷி. மறுநாள் பேசியபோதும் அவர் குரல் கம்மியிருந்தது.

அந்தக் கோபம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. ‘வித் நோ ஒன் ஆஸ் விட்னஸ்’ 2005இல் வெளியானபோது, ஆண்டுக்கணக்காகத் தொடரோடு நடந்துவந்த வாசகிகள் பலர் இனி இவருடைய புத்தகத்தைத் தொடமாட்டோம் என்றார்கள். இதுதான் தொடரின் ஆகச் சிறந்த நாவல் என்றவர்களும் இருந்தார்கள். 1893இல் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோதும் வாசகர்கள் கொதித்தார்கள். பத்து ஆண்டு கழித்து அவர் ஹோம்ஸை உயிரோடு கொண்டுவந்துவிட்டார். ஹெலன் அப்படித் திரும்பவில்லை. துப்பறிகிறவன் பிழைத்துக்கொள்கிறான், துப்பறிகிறவனின் மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். எலிசபெத் ஜார்ஜ் அமெரிக்கர். பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். லின்லி நாவல்களில் எழுதியது பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றி. முதல் லின்லி நாவல் 1988இல் வந்தது. பிரபுக் குடும்பத்தில் பிறந்து ஸ்காட்லாந்து யார்டில் அதிகாரியாக இருக்கும் தாமஸ் லின்லி. எளிய குடும்பத்திலிருந்து வந்து, தலைமுடியைக்கூட ஒழுங்காக வெட்டிக்கொள்ளாமல், அவனோடு மல்லுக்கு நிற்கும் பார்பரா ஹேவர்ஸ். லின்லி பல நாவல்களாகக் காத்திருந்து மணந்துகொண்ட ஹெலன். 2005ஆம் ஆண்டு நாவல் தொடரில் பதின்மூன்றாவது. அதில் ஹெலன் கர்ப்பிணி. பிறக்கப்போகும் குழந்தையின் ஞானஸ்நான உடைக்காகக் கடை ஏறி இறங்கிவிட்டு வந்தவளை, வீட்டு வாசற்படியில் வைத்து ஒரு சிறுவன் சுட்டுவிடுகிறான் என்கிறது அந்த நாவல். நாவல் துரத்திக்கொண்டிருக்கும் தொடர் கொலைகாரனுக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை. வாசகிகளை அதிகம் நொறுக்கியது இந்தச் சம்பந்தமின்மைதான் என்று நினைக்கிறேன். துப்பறியும் நாவல் நமக்குத் தரும் முதல் வாக்குறுதி, எந்தச் சாவும் காரணமில்லாமல் நிகழாது என்பது. ஜார்ஜ் அந்த வாக்கை மீறினார்.

கோபப்பட்ட வாசகிகளை “கதையையும் வாழ்க்கையையும் குழப்பிக்கொள்கிறவர்கள்” என்று கேலி செய்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, பைண்டு செய்து, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்த அம்மாக்களின் மகள்கள் நாங்கள். ஒரு பாத்திரத்தோடு பதினேழு ஆண்டு பழகுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். தவிர, அந்தக் கோபத்துக்குள் கூர்மையான பெண்ணிய வாசிப்பு ஒன்று இருக்கிறது. 1999இல் கெயில் சிமோன் என்ற அமெரிக்க எழுத்தாளர், காமிக்ஸ் கதைகளில் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, வலிமை பறிக்கப்பட்ட பெண்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். ஒரு நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் திணித்துவைத்திருந்த கதையிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் பெயர் வந்தது. நாயகனின் துயரத்துக்கு ஆழம் வேண்டுமா, அவனுடைய பெண்ணைக் கொல் என்பதுதான் அந்தச் சூத்திரம். ஹெலனின் சாவு இதிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது? அதிகமில்லை.

என்னை உறுத்துவது சுடப்படும் காட்சியைவிட மருத்துவமனைக் காட்சிகள்தான். ஹெலனின் மூளை செத்துவிட்டது. கருவிகளின் உதவியால் உடல் இயங்குகிறது, உள்ளே சிசு. உடலை இப்படியே மாதக்கணக்கில் வைத்திருந்து குழந்தையை எடுப்பதா, அந்தக் குழந்தையின் மூளை எந்த அளவுக்குச் சேதமடைந்திருக்கும், அல்லது கருவிகளை நிறுத்திவிடுவதா? முடிவெடுக்க வேண்டியவன் லின்லி. அவனுடைய வேதனையை ஜார்ஜ் நேர்மையாக எழுதியிருக்கிறார். அந்த நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தொடர் முழுக்கத் தன் கேலிப்பேச்சால் பக்கங்களுக்கு வெளிச்சம் கொடுத்தவள் இந்தப் பக்கங்களில் ஒரு கட்டில் மட்டுமாகிவிடுகிறாள். அவள் என்ன விரும்பியிருப்பாள் என்பதைக்கூட மற்றவர்கள் வாய் வழியாகத்தான் கேட்கிறோம். எங்கள் வழக்கறிஞர் தோழி சொன்னார்: “அவ உடம்ப வெச்சு அவ இல்லாம ஒரு பஞ்சாயத்து.” இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

இதுவரை நான் கோபக்காரர்களின் பக்கம்.

அன்றைய கூட்டத்தில் பேச்சு ஓய்ந்த நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த நாவலில் ஹெலனுக்கு முன்னால் கொல்லப்படும் பையன்களின் பெயர்களைச் சொல்லுங்கள். மௌனம். பிறகு இருவர் மட்டும் “கிம்மோ” என்றார்கள். எனக்கும் அந்த ஒரு பெயர்தான் உடனே நினைவில் இருந்தது. மற்றவற்றுக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. கிம்மோ தோர்ன் வெள்ளைப் பையன்.

இதிலுள்ள குரூரமான வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நாவலின் முதல் பாதி முழுவதும் இதைப் பற்றித்தான் பேசுகிறது. லண்டனில் பதின்பருவப் பையன்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். இறந்தவர்கள் கறுப்பின, கலப்பினப் பையன்களாக இருந்தவரை, சாவுகளுக்கிடையில் ஒரு தொடர்பு இருப்பதையே போலீஸ் கவனிக்கவில்லை. வெள்ளைப் பையனின் உடல் கிடைத்த பிறகே யார்டு விழித்துக்கொள்கிறது. விழித்ததும் பத்திரிகையாளர் சந்திப்பில் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு கறுப்பு முகம் வேண்டும் என்று வின்ஸ்டன் நகாட்டாவுக்கு சார்ஜண்ட் பதவி கொடுக்கிறார்கள். எதற்கு என்பது அவனுக்கும் தெரியும். பதவி இறக்கப்பட்ட பார்பரா இன்னும் கான்ஸ்டபிளாகவே நிற்கிறாள். ஜார்ஜ் இதைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவர் பேருந்து நிறுத்தத்தருகே குத்திக் கொல்லப்பட்டார். அந்த விசாரணை சீரழிந்ததை ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை, லண்டன் போலீஸ் நிறுவனரீதியாகவே இனவெறி கொண்டது என்று 1999இல் எழுதியது. நாவல் அந்த அறிக்கையின் நிழலில் எழுதப்பட்டது. எந்த உடல் கணக்கில் வரும், எது வராது என்று போலீஸைக் கேட்கும் நாவல் அது. அதை மூடிவைத்துவிட்டு நாம் அழுதது பெல்கிரேவியாவில் வசித்த பிரபுவின் மனைவி ஒருத்திக்காக மட்டும்.

இது ஜார்ஜ் திட்டமிட்டு வைத்த பொறியா, தற்செயலா? அடுத்த ஆண்டு வந்த நாவலைப் பார்த்தால் தற்செயல் என்று சொல்ல முடியவில்லை. ‘வாட் கேம் பிஃபோர் ஹி ஷாட் ஹெர்’, அதாவது அவன் அவளைச் சுடுவதற்கு முன் நடந்தவை. லின்லியின் துயரம் எப்படி ஆறியது என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தவர்கள் கையில் லின்லி ஏறக்குறைய இல்லாத ஒரு தடித்த புத்தகம் வந்து சேர்ந்தது. வடக்குக் கென்சிங்டன், ட்ரெலிக் கோபுரத்தின் நிழலில் ஒரு குடியிருப்பு. அப்பா கொல்லப்பட்டு, அம்மா மனநல மருத்துவமனையில் கிடக்க, பாட்டி மூன்று பிள்ளைகளை அத்தை வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஜமைக்காவுக்குக் கிளம்பிவிடுகிறாள். மூத்தவள் நெஸ். நடுவில் பதினொரு, பன்னிரண்டு வயது ஜோயல். எங்கு போனாலும் இடுப்பில் காற்றடைத்த நீச்சல் வளையத்தோடு திரியும் சின்னவன் டோபி. தம்பியைக் காப்பாற்ற ஜோயல் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அவனை அந்த வாசற்படியை நோக்கித் தள்ளுகிறது.

இந்த இரண்டாவது புத்தகத்தின் மேல் வந்த கோபம் வேறு வகை. “இது லின்லி நாவலே இல்லை”, “எனக்கு எதற்கு இந்தப் பையனின் கதை”, “கொலைகாரனுக்கு வக்காலத்து.” முதல் கோபத்தை நான் மதிக்கிறேன். இரண்டாவதை உரசிப் பார்க்காமல் விட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது எனக்கும் வந்தது. முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இந்த நாவலை வாங்கி, நூறு பக்கம்கூடத் தாண்டாமல் மூடிவைத்தேன். கேட்டவர்களிடம் “நடை சரியில்லை” என்றேன். நடையில் குறை உண்டுதான். கறுப்பின இளைஞர்களின் பேச்சை ஒலிபெயர்த்தே தீருவேன் என்று ஜார்ஜ் எழுதியிருக்கும் விதம், வெளியிலிருந்து வந்து ஒரு தெருவின் வழக்கைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு போகிறவரை நினைவூட்டுகிறது. துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்குவதும் சில இடங்களில் மனிதர்களைச் சான்றுகளாக மாற்றிவிடுகிறது. ஆனால் நான் மூடிவைத்த காரணம் அதுவல்ல. எனக்கு லின்லி வேண்டியிருந்தது. ஜோயல் எனக்குத் தாமதமாகத் தெரிந்தான்.

மீண்டும் வாசித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியவள் அத்தை கெண்ட்ரா. நாற்பது வயதை ஒட்டியவள், பிள்ளை பெறாதவள். தொண்டுக் கடையில் வேலை. மசாஜ் கற்றுக்கொண்டு சொந்தத் தொழில் தொடங்க ஆசை. தன்னைவிட வயதில் குறைந்த காதலன். அவள் வாசலில் ஒருநாள் மூன்று பிள்ளைகள். எங்கள் கூட்டத்தில் இந்த நாவலைப் பேசியபோது எழுந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? “இந்த கெண்ட்ரா கொஞ்சம் கவனிச்சிருந்தா?” கிளம்பிப்போன பாட்டியைக் கேட்கவில்லை. பள்ளியை, சமூகநலத் துறையை, தெருவில் பையன்களை ஆட்டிவைக்கும் ரவுடியை, நெஸ்ஸின் உடல்மேல் வன்முறை செய்த ஆண்களைக் கேட்கவில்லை. ஓடி ஓடிச் சம்பாதித்துச் சோறு போட்டவளைக் கேட்டோம். பெண்ணியவாதிகள் ஏழு பேர் உட்கார்ந்து கேட்டோம். கெண்ட்ராவுக்குத் தனக்கென்று ஒரு மாலைப்பொழுது வேண்டியிருந்தது. அதை அவளிடமிருந்து பிடுங்குவதற்கு நமக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொன்று. இந்த நாவலில் ஜோயல் கவிதை எழுதுகிறான். பையன்களைத் தெருவிலிருந்து இழுத்துவர நடத்தப்படும் கவிதை மாலைகளுக்குப் போகிறான், பாராட்டும் வாங்குகிறான். கவிதை அவனைக் காப்பாற்றும் என்று ஒரு கவிஞராக நான் பக்கம் பக்கமாக எதிர்பார்த்தேன், கொஞ்சம் வெட்கத்தோடு. ஜார்ஜ் அந்த ஆறுதலைத் தரவில்லை. கவிதைக்கு வெளியே அவனை மிரட்டுகிறவர்கள் அப்படியே இருந்தார்கள், தம்பியும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தான். இதை எழுதிய துணிச்சலுக்காகவே ஒலிபெயர்ப்பு வசனங்களைப் பொறுத்துக்கொண்டேன்.

அதனால் ஹெலனின் சாவு நியாயமாகிவிடுமா? ஆகாது. ஒரு பெண்ணின் உடலை விலையாகக் கொடுத்துத்தான் இந்தப் பையனின் கதைக்குள் நம்மை அழைத்துவர முடியும் என்று ஆசிரியர் முடிவு செய்தாரே, அந்தக் கணக்கு எனக்குக் கசக்கிறது. அதே சமயம் ஹெலன் சாகாமல் இருந்திருந்தால் நான் ஜோயலின் நானூறு, ஐநூறு பக்கங்களை வாசித்திருப்பேனா? மாட்டேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எனக்கு நிம்மதியாக உட்கார முடியவில்லை.

2008இல் வந்த ‘கேர்லெஸ் இன் ரெட்’ நாவலில் லின்லி கார்ன்வால் கடற்கரைப் பாதையில் தாடியோடு நடந்துகொண்டிருக்கிறான். வழியில் ஒரு பிணம் கிடைக்கிறது, தொடர் தன் பழைய தடத்துக்குத் திரும்புகிறது. எங்கள் குழுவில் எல்லோருக்கும் பெருமூச்சு. செவிலி அக்கா மட்டும் அந்த நாவலை எடுக்கவில்லை. “அந்தச் சின்னப் பையன் டோபி என்ன ஆவான்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் நடுப் புத்தகத்தை மறுபடி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை.